அமெரிக்க மருத்துவமனைகள் குடியேறியோரிடம் ஆவணம் கேட்கத் தொடங்கியது எப்போது?

படிக்கும்மேசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் குடியேறியோருக்கு மருத்துவ வசதி கிடைத்த வரலாற்றைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கத் தெளிவு பிறக்கும் என்று நினைத்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை 1996ஆம் ஆண்டில் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்தே கதையைத் தொடங்குகின்றன. முறைப்படி கிரீன் கார்டு பெற்றவர்கூட, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்டை முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பெற முடியாது என்று அந்தச் சட்டம் விதித்தது. அதற்கு முன்பு எல்லோருக்கும் கதவு திறந்தே கிடந்தது போன்ற தோற்றம் அக்கட்டுரைகளைப் படிப்பவருக்கு உண்டாகிறது.

மறுபுறம், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறியோரைச் சோதித்த நிலையம் இருந்த எல்லிஸ் தீவைப் பற்றிய நூல்களைப் புரட்டினால், நோயுற்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கதைகளே நிறைந்திருக்கின்றன. ஆனால் அதே தீவில் பல கட்டடங்கள் கொண்ட பெரிய மருத்துவமனை ஒன்றும் இயங்கியிருக்கிறது. திருப்பி அனுப்பப்போகிறவருக்கு மருத்துவமனை எதற்கு, அதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. குடியேறியவர் என்பதற்காகவே ஒருவருக்கு மருத்துவம் மறுக்கப்படுவது உண்மையில் எப்போது தொடங்கியது? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

---

கடலோடி

படிக்கும்மேசை அவர்களுக்கு, தங்கள் கேள்வியில் செலவைப் பற்றிய பகுதிதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்பது என் கருத்து. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்கக் கூட்டரசு (மத்திய அரசு) மருத்துவச் செலவில் முதன்முதலாகத் தலையிட்டது கடலோடிகளுக்காகத்தான். 1798ஆம் ஆண்டில் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, மாலுமிகளின் ஊதியத்திலிருந்து மாதம் 20 சென்ட் பிடித்தம் செய்யப்பட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு துறைமுக நகரங்களில் கடல்சார் மருத்துவமனைகள் நடத்தப்பட்டன. நோயாளி ஆகக்கூடியவரிடமிருந்தே முன்கூட்டிப் பணம் திரட்டி, அவர் நோயுறும்போது அவருக்கே செலவிடும் இந்த ஏற்பாடு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு குடியேறியோர் விஷயத்திலும் கையாளப்பட்டது. அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பியவர்கள் காய்ச்சலோடும் பட்டினியோடும் நியூயார்க்கில் வந்து இறங்கிய 1847ஆம் ஆண்டில், அந்த மாநிலம் குடியேற்ற ஆணையர் குழு ஒன்றை அமைத்தது. கப்பலில் வந்த ஒவ்வொரு பயணியின் தலைக்கும் ஒரு தொகை வசூலிக்கப்பட்டது. கப்பல் நிறுவனம் அதைக் கட்டியது. பயணச்சீட்டின் விலையில் அது சேர்ந்துவிட்டதால், உண்மையில் கொடுத்தவர் பயணியே. அந்த நிதியிலிருந்து வார்ட்ஸ் தீவில் குடியேறியோருக்கென மருத்துவமனையும் புகலிடமும் எழுந்தன.

இங்கே தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வந்து இறங்கியவர் நோயுற்றாலோ வறுமையுற்றாலோ அவரைக் காக்கும் பொறுப்பு அந்த ஆணையர் குழுவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே ஐந்து ஆண்டுகள்தாம் வருகின்றன. 1847இல் முதல் ஐந்து ஆண்டுகள் உதவி பெறும் காலமாக இருந்தன; 1996இலோ அவை உதவி மறுக்கப்படும் காலமாகிவிட்டன. கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் விடை பணத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வணிகத்தையும் பயணத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கூட்டரசுக்கே உரியது என்ற அடிப்படையில், மாநிலங்கள் வசூலித்த தலைவரியை உச்ச நீதிமன்றம் 1849இல் செல்லாததாக்கியது. நியூயார்க் அதைப் பிணைப்பத்திர வடிவில் மாற்றி எழுதிச் சமாளித்தது. அதுவும் 1876இல் ரத்தானது. வருவாய் வற்றிய மாநிலம் வாஷிங்டனை நச்சரிக்கத் தொடங்கியதன் விளைவே 1882ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். தலைக்கு 50 சென்ட் என்று கூட்டரசே வசூலித்து, துன்பத்தில் இருக்கும் குடியேறியோரின் பராமரிப்புக்கும் அதைச் செலவிடலாம் என்று அச்சட்டம் கூறியது. ஆனால் அதே சட்டம், தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் 'பொதுச்சுமை' ஆகக்கூடியவரைக் கரையிறங்க விடக்கூடாது என்றும் கூறியது. உதவுவதற்கான நிதியும் விலக்குவதற்கான விதியும் ஒரே தாளில் பிறந்தன. முன்னது மறைந்துவிட்டது, பின்னது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

இனி எல்லிஸ் தீவு. 1891ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுநோய் உடையவர்களை விலக்கியது. 1892 ஜனவரி 1 அன்று அந்தத் தீவில் நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவ அலுவலர்கள் படியேறி வருபவரைப் பார்த்த பார்வையிலேயே மேலங்கியில் சுண்ணக்கட்டியால் எழுத்துக் குறியிடுவார்கள். பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைத் திருப்பி டிரக்கோமா என்னும் கண்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கிடையே 1902இல் அங்கே பொது மருத்துவமனையும், 1911இல் தொற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. தட்டம்மை கண்ட குழந்தையையும் காய்ச்சலில் விழுந்த இளைஞனையும் குணப்படுத்தி உள்ளே அனுப்புவதற்கான இடம் அது. நோயாளிகளின் செலவு பெரும்பாலும் அவர்களை ஏற்றிவந்த கப்பல் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. புறப்படும் துறைமுகத்திலேயே கண்டறிந்திருக்கக்கூடிய நோயாளியை ஏற்றிவந்தால் நிறுவனத்துக்கு 100 டாலர் அபராதம் என்று 1903ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பிறகு, நிறுவனங்கள் ஐரோப்பியத் துறைமுகங்களிலேயே பயணிகளைச் சோதித்துத் தள்ளத் தொடங்கின. எல்லிஸ் தீவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே இருந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே அந்தக் காலத்தில் வடிகட்டல் வாசலில் நடந்தது. உள்ளே நுழைந்துவிட்டவர் பின்னர் நகர மருத்துவமனைக்குப் போனால், அவரிடம் குடியேற்ற ஆவணம் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை.

---

நதிமூலம்

கடலோடி அவர்களின் விளக்கம் அருமையானது. ஆயினும் அது அட்லாண்டிக் கரையின் கதை. அதிலும் ஐரோப்பியரின் கதை. பசிபிக் கரையில் நின்று பார்த்தால் அதே ஆண்டுகள் வேறு மாதிரித் தெரியும். 'ஆவணம் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை' என்பது உண்மைதான். முகமே ஆவணமாக இருந்த இடத்தில் தாள் எதற்கு?

சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த சீனர்கள் நகரின் பொது மருத்துவமனைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. 1900ஆம் ஆண்டில் அங்கே பிளேக் நோய் தோன்றியபோது, நகர நிர்வாகம் சீனர் குடியிருப்பைக் கயிறு கட்டி அடைத்தது. சீனர்களுக்குக் கட்டாய ஊசி போடவும், ஊசி போடாதவர் நகரை விட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் முயன்றது. இரண்டையும் சீன மக்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றார்கள். இரண்டாம் வழக்கின் தீர்ப்பு படிக்க வேண்டிய ஒன்று. அடைப்பு எல்லை, இடையில் இருந்த வெள்ளையரின் கட்டடங்களை மட்டும் வளைந்து விலகிச் சென்றதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மேலும், நோயைத் தடுப்பதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கானோரை ஒரே வளையத்துக்குள் அடைத்து வைப்பது நோயைப் பெருக்கவே செய்யும் என்றும் கூறியது. அரசு தந்த மருத்துவம் இப்படி இருந்ததால், அக்காலத்தில் சீனச் சங்கங்கள் தாங்களே டுங் வா மருந்தகத்தைத் தொடங்கின. அதுவே வளர்ந்து, 1925இல் சீன மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது.

தெற்கு எல்லையிலும் இதே நிலைதான். டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகருக்கு நாள்தோறும் பாலம் கடந்து வீட்டுவேலைக்கு வந்த மெக்சிகோப் பெண்களை, பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் பற்றிய அச்சத்தைக் காரணம் காட்டி ஆடை களையச் செய்து, பேனுக்கு மருந்திட்டுக் குளிப்பாட்டும் முறை 1917 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கார்மெலிட்டா டோரஸ் என்ற 17 வயதுப் பெண் டிராம் வண்டியிலிருந்து இறங்கி மறுக்க, பிற பெண்களும் சேர்ந்து பாலத்தையே மறித்தார்கள். 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ ஒப்பந்தத் திட்டத்திலும் பண்ணை வேலைக்கு வந்த மெக்சிகோத் தொழிலாளர்மீது டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியைத் தூவியிருக்கிறார்கள். உடலைச் சோதிப்பதற்கு அரசிடம் எப்போதும் மருத்துவர் இருந்தார். நோய் கண்டபின் பார்ப்பதற்குத்தான் இருக்கவில்லை. பண்ணைத் தொழிலாளருக்கென மருத்துவ நிலையங்களுக்கு நிதியளிக்கும் சட்டம் 1962இல்தான் வந்தது.

ஆகவே 'எப்போது தொடங்கியது' என்ற கேள்விக்கு ஒரே ஆண்டைத் தேடுவது சரியாகாது என்பது என் பணிவான எண்ணம். யாருக்குத் தொடங்கியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

---

கடலோடி

நதிமூலம் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். கிழக்குக் கரையிலும் கூடக் குடியேறியோர் மருத்துவமனையை அயலார் விரும்பியதில்லை என்பதை நான் விட்டுவிட்டேன். ஸ்டேட்டன் தீவில் இருந்த தொற்றுத்தடுப்பு மருத்துவமனையை 1858 செப்டம்பரில் உள்ளூர் மக்களே திட்டமிட்டு இரண்டு இரவுகளில் எரித்துவிட்டார்கள்.

---

வழக்குரை

நான் சட்டம் படித்தவன் என்பதால், 1965க்குப் பிந்தைய பகுதியை மட்டும் சொல்கிறேன். ஆவணத்தை அளவுகோலாக்கிய வரலாறு உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

1965இல் மெடிக்கேர், மெடிக்கெய்ட் ஆகிய இரண்டும் ஒன்றாகப் பிறந்தன. முதியோருக்கான மெடிக்கேரில், ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்து சேர்த்த உரிமை இல்லாமல் தாமே சந்தா கட்டிச் சேர விரும்பும் வெளிநாட்டவர், நிரந்தர வசிப்புரிமையோடு ஐந்து ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அப்போதே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஐந்து ஆண்டுகளை 1996 கண்டுபிடிக்கவில்லை. மெடிக்கெய்ட் சட்டமோ குடியுரிமையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அந்த மௌனத்தை 1973இல் நிர்வாக விதி ஒன்று நிரப்பியது: குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அரசு அறிந்தே தங்கியிருக்க விட்டுவைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே மெடிக்கெய்ட் என்று அது கூறியது. படிக்கும்மேசை அவர்கள் ஓர் ஆண்டைத்தான் குறிப்பிட்டாக வேண்டுமென்றால், நான் இந்த ஆண்டைச் சொல்வேன். எவரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு விதியின் மூலம், மக்கள் மன்றத்தில் விவாதம் ஏதுமின்றி அது நடந்தது.

நீதிமன்றங்கள் இந்தக் காலத்தில் இரண்டு திசைகளில் இழுத்தன. அரிசோனா மாநிலம் வெளிநாட்டவர் நலத்திட்ட உதவி பெற 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. 1971இல் கிரகாம் எதிர் ரிச்சர்ட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. முறைப்படி குடியேறியவரும் வரி கட்டுகிறார், படையில் சேர அழைக்கப்படுகிறார். அவரை மாநிலம் ஒதுக்க முடியாது என்பது அதன் வாதம். ஆனால் 1976இல், முன்சொன்ன மெடிக்கேர் விதியை எதிர்த்து வந்த மாத்யூஸ் எதிர் டியாஸ் வழக்கில், அதே நீதிமன்றம் ஒருமனதாக ஐந்தாண்டு விதி செல்லும் என்றது. காரணம், விதித்தது மாநிலம் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரஸ். குடியேற்றம் கூட்டரசின் தனியதிகாரம் என்பதால், அதன் கையில் உள்ள அளவுகோலை நீதிமன்றம் எளிதில் பறிக்காது. மாநிலத்தின் தலைவரியைச் செல்லாததாக்கிய அந்தப் பழைய தர்க்கமே, கூட்டரசு மருத்துவத்தை மறுக்கும்போது அதற்குக் கவசமாகிவிட்டது. கடலோடி அவர்கள் தொடங்கிய இழை இங்கே வந்து சேர்கிறது.

1986ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை புரியும். காசில்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் பொது மருத்துவமனை வாசலில் தள்ளிவிட்டுப் போகும் வழக்கத்தைத் தடுக்க, ஏப்ரலில் அவசர சிகிச்சைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. மெடிக்கேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும், தன் அவசரப் பிரிவுக்கு வருபவர் யாராயினும், பணமோ ஆவணமோ பாராமல் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். அதே ஆண்டின் கோடையில், 1973ஆம் ஆண்டின் மெடிக்கெய்ட் விதிக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று நியூயார்க்கில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களுக்குள் காங்கிரஸ் விழித்துக்கொண்டு, நிர்வாக விதியாக இருந்ததைச் சட்டமாகவே எழுதி, ஆவணமற்றோருக்கு அவசர நிலைக்கு மட்டும் மெடிக்கெய்ட் என்று வரையறுத்தது. பிரசவம் அதில் அடங்கும். பிரசவத்துக்கு முந்தைய மாதாந்திரப் பரிசோதனை அடங்காது. இதன் விபரீதத்தைச் சிறுநீரக நோயாளிகளிடம் காணலாம். வாரம் மூன்று முறை செய்ய வேண்டிய டயாலிசிஸ் பல மாநிலங்களில் 'அவசரம்' ஆகாது. எனவே நோயாளி பொட்டாசியம் ஏறி, மூச்சு முட்டும் நிலைக்குப் போனபின் அவசரப் பிரிவுக்கு வந்து, ஒருமுறை செய்துகொண்டு, மீண்டும் அந்த நிலை வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். இதற்காகும் செலவு முறையான டயாலிசிஸைவிட அதிகம். இதை உணர்ந்து, 2019இல் கொலராடோ மாநிலம் தன் அவசர மெடிக்கெய்டில் வழக்கமான டயாலிசிஸையும் சேர்த்தது. சிக்கனத்துக்காகப் போட்ட வேலி, மிகச் செலவான வாசலை மட்டும் திறந்து வைத்தது.

1994இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஆவணமற்றோருக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவை ஏற்றார்கள். நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை நிறுத்தியது. 1996 ஆகஸ்ட் 22 அன்று வந்த சட்டம், அதுவரை ஆவணமற்றோரைச் சுற்றி இருந்த வேலியை முறைப்படி குடியேறியவரைச் சுற்றியும் இழுத்தது. புதுமை அதுதான். தடுப்பூசிக்கும் தொற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அதில் விலக்கு இருந்தது. எல்லிஸ் தீவின் அச்சம் இன்னும் உயிரோடு இருந்ததற்கு அதுவே சாட்சி. 2009இல் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஐந்தாண்டுக் காத்திருப்பை நீக்கும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமோ, ஆவணமற்றவர் முழுப் பணத்தையும் தன் கையிலிருந்து கட்டினாலும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கக்கூடாது என்றது.

---

படிக்கும்மேசை

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி மட்டும். சட்டப்படி உரிமை இருந்தும் குடியேறியோர் மருத்துவத்தை நாடுவதில்லை என்றும் படித்தேன். இதற்கும் பழைய 'பொதுச்சுமை' விதிக்கும் தொடர்பு உண்டா?

---

இருமொழியாளர்

நான் அமெரிக்காவில் ஒரு சமூக மருத்துவ நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தொடர்பு உண்டு என்பதை நாள்தோறும் காண்கிறேன்.

மெடிக்கெய்ட் பெறுவது பொதுச்சுமைக் கணக்கில் வராது, மருத்துவ உதவிகளில் நீண்டகாலக் காப்பகப் பராமரிப்பு மட்டுமே வரும் என்று 1999இல் அரசு எழுத்துமூலம் அறிவித்தது. 2019இல் அது மாற்றப்பட்டு, மெடிக்கெய்டும் கணக்கில் சேர்க்கப்பட்டது. அந்த விதி 2020 பிப்ரவரியில், கோவிட் பரவத் தொடங்கிய வேளையில் நடைமுறைக்கு வந்து, 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. 2022இல் பழைய முறைக்கு நெருக்கமான விதி வெளியானது. இந்த ஏற்ற இறக்கங்களை நோயாளி ஒவ்வொன்றாகத் தொடர்வதில்லை. 'கையெழுத்திட்டால் கிரீன் கார்டு போய்விடும்' என்ற ஒரே வாக்கியம் அவர் காதில் விழுந்துவிடுகிறது. குடிமக்களாகப் பிறந்த தம் பிள்ளைகளுக்கான காப்பீட்டையும் வேண்டாம் என்று எழுதித் தந்த பெற்றோருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். விதி மாறிய செய்தியை அவர்களிடம் சொன்னபோது, 'மறுபடி மாறாதா?' என்று கேட்டார்கள். நான் விடை சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்ற விதி அன்று எனக்கு வசதியாக இருந்தது.

கட்டுரையில் பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவினரையும் தாங்கள் சேர்க்கலாம். 1946 முதல் 1958 வரை அவர்களின் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1986இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி அவர்கள் விசா இல்லாமலே அமெரிக்காவில் வாழலாம், உழைக்கலாம், மெடிக்கெய்டும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளைப் பட்டியலிட்டபோது இவர்களின் வகை அதில் இடம்பெறாமல் போயிற்று. அந்த விடுபடல் சரிசெய்யப்பட்டது 2020 டிசம்பரில்தான். அதற்குள் கோழி இறைச்சி ஆலைகளில் வேலை செய்யும் மார்ஷல் மக்கள் திரளாக வாழும் ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் கோவிட் அவர்களைக் கடுமையாகத் தாக்கியிருந்தது.

1965இல் தோன்றத் தொடங்கிய எங்களைப் போன்ற சமூக நிலையங்களில் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை; வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். ஆனால் எங்களால் முடிவது முதல்நிலை மருத்துவம் மட்டுமே. கட்டி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வோம்; அறுவை சிகிச்சைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு நாங்கள் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியா 2016இல் குழந்தைகளில் தொடங்கி, படிப்படியாக விரித்து, 2024 ஜனவரியில் எல்லா வயதினருக்கும் ஆவணம் பாராமல் காப்பீடு தந்தது. 2026 ஜனவரி முதல் ஆவணமற்ற வயதுவந்தோரைப் புதிதாகச் சேர்ப்பதை அது நிறுத்திவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டரசுச் சட்டமோ, 1996 கூட விட்டுவைத்திருந்த அகதிகளின் மெடிக்கெய்டையும் 2026 அக்டோபர் முதல் நீக்குகிறது. எனவே கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன், கடைசிப் பத்தியில் வரும் ஆண்டுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.